கார்க் கதவுக்குள் ஒரு புதுமை

ஞாயிறு பூசை முடிந்த கையோடு தவராசா ஒரு சபதம் எடுத்தார். பொழுது சாய்வதற்குள் அந்தக் கார்க் கண்ணாடியை இறக்காவிட்டால் அவர் பெயர் தவராசா இல்லை.

அது அறுபத்தெட்டாம் ஆண்டுக் கார். அவர் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, தன் கணவர் இறந்தபின் அவருக்கே கொடுத்தது. கைபிடியைச் சுற்றித்தான் கண்ணாடியை இறக்கவேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அது அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்றப் பக்கக் கண்ணாடியோ வந்த நாள் தொட்டே திறந்ததில்லை.

"றெஜியைக் கூப்பிடட்டோ?" என்றாள் மனைவி அகஸ்ரீனா. கராஜில் வேலை செய்யும் றெஜி அவளுடைய தம்பி.

"உதுக்குப் போய் உம்மட தம்பியோ? என்ர கை என்னத்துக்கு இருக்கு?"

"அப்பிடி என்னப்பா அவசரம்? குளிர் வரப்போகுது."

"நீர் உள்ளுக்கை இருந்து வேர்க்கிறதைப் பாக்க மனம் கேக்குதில்லை."

"ஐயோ பாவம்," என்றாள் அகஸ்ரீனா. முகத்தில் சிரிப்பே இல்லை.

உண்மைக் காரணம் சிகரெட். மகள் கேசிகாவின் தாதிப் படிப்புச் சோதனை முடியும்வரை தொடுவதில்லை என்று, திருவிழாவில் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி ஊரறிய நேர்ந்தவர் அவர். ஒன்பது நாள் தாங்கினார். பத்தாம் நாள் வேலையால் வரும்போது துறைமுகத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒன்றே ஒன்று. பிறகு நாளுக்கொன்று. வெளியே இறங்கிப் பற்றினால் கோயில் பங்குச் சனம் காணும். கண்ணாடியைச் சாத்திக்கொண்டு பற்றினால் சீட்டு மணக்கும், அகஸ்ரீனா பிடித்துவிடுவாள். மனிசன் என்னதான் செய்வார்?

கபோச் சந்தை ஓரத்தில் காரை விட்டு, அகஸ்ரீனா சாமான் வாங்கப் போனதும் வேலையைத் தொடங்கினார். கைபிடியைப் பிடித்திருந்த கிளிப்பை நெம்பியதும் அது 'டிங்' என்று பாய்ந்து எங்கேயோ போய்விட்டது. முழங்காலில் நின்று தேடினார். செபம் சொல்கிறார் என்று நினைத்து மீன்காரன் தொப்பியைக் கழற்றினான்.

கதவின் உள்தட்டுத் திருகாணிகள் நேற்றுத்தான் பூட்டியதுபோல லேசாகக் கழன்றன. "என்ர கை பட்டால் சும்மாவோ!" என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

கையை உள்ளே விட்டார். கண்ணாடியின் அடியில் எதுவோ இறுகிக் கிடந்தது. இழுத்து எடுத்தார். பாதி எரிந்த மெழுகுதிரி. அதில் நீல ரிபன். ரிபனில் அவருடைய கையெழுத்திலேயே 'கேசிகா'.

தவராசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயிலில் வைத்த திரி, பூட்டின கதவுக்குள் எப்படி வரும்? மாதாவே! பிள்ளையின் பெயரைச் சொல்லி நேர்ந்துவிட்டு இப்படிக் கள்ளம் செய்தேனே என்று அழுகை வந்தது. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை மீன்காரனின் குப்பைக்குள் எறிந்தார். திரியை முத்தமிட்டு, இருந்த இடத்திலேயே தன் கையால் இறுக்கி வைத்தார். திருகாணிகளையும் பூட்டினார்.

அகஸ்ரீனா வந்து நின்றாள். "என்னப்பா, சரிவந்திட்டுதோ?"

"இல்லை. இனி இது திறக்காது. திறக்கவும் கூடாது. இஞ்சேரும், மாதா ஒரு புதுமை காட்டியிருக்கிறா!"

"நல்லது. அப்ப கைபிடியைப் பூட்டுங்கோவன், போவம்."

"கிளிப்பைக் காணேல்லை."

அகஸ்ரீனா கைப்பையைத் திறந்து, புத்தம்புதுக் கிளிப் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கோ. றெஜி அஞ்சு தந்தவன். நான் இந்தக் கதவைக் கழட்டிப் பழகேக்கை மூண்டைத் துலைச்சிட்டன்."