ஹால்விக் ஓர் உயிரைக் காப்பாற்றிய விதம்

நார்வேயின் வடகரையில் இருக்கும் ஹால்விக் நகராட்சியில், அதற்கென ஒரு குழு அமைத்து, ஆண்டுக்கு ஒருவரைக் காப்பாற்றுவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளரைக் காப்பாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆளுக்குப் பதிலாக ஊரின் பழைய கலங்கரை விளக்கம் காப்பாற்றப்பட்டது. பரிசீலனைக்கு வந்தவற்றில் அதுதான் அதிக ஆபத்தில் இருந்ததாகக் குழு கண்டறிந்தது.

இந்த ஆண்டுக்கு டெல்ஃபினா. வெயில் நாடு ஒன்றின் வழக்கறிஞர். மீனவர்களைக் கடற்கரையை விட்டு விரட்டியதை எதிர்த்து வழக்குப் போட்டவள். அதற்காக ஆண்டின் தொடக்கத்தில் ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். வெளியே விடும்போது, அடுத்த முறை சிறை இருக்காது, குழிதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவளுக்காக நிதி திரட்டும் விழாவின் சுவரொட்டியில் நாட்டின் பெயர் இல்லை. ஹால்விக் காயவைக்கும் கருவாட்டில் பாதியை வாங்குவது அந்த நாட்டு ராணுவம்தான். விழாவின் முதன்மைப் புரவலர் கருவாட்டு ஆலை முதலாளி தோர்லெய்ஃப். மனித உரிமை உலகத்துக்கே பொதுவானது, அதை ஒரு நாட்டுக்குள் சுருக்குவது முறையல்ல என்று அவர் கருத்துத் தெரிவித்தார். குழு அதை ஏகமனதாக ஏற்று, 'எங்கோ ஓரிடத்தில்' என்று அச்சிட்டது. கிடைத்த ஒரே படத்தில் டெல்ஃபினா யாரோ ஒருவர் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தார் கணினியில் வாயை மூடி, முன்னால் நாலு கம்பியும் வைத்துக் கொடுத்தார்கள்.

குழுவின் செயலாளர் சிக்ருன். தலைமறைவாக இருந்த டெல்ஃபினாவோடு தொலைபேசியில் பேசுவது அவள் பொறுப்பு. தன் ஊர் வழக்கப்படி டெல்ஃபினா அவளை அக்கா என்பாள்.

"அக்கா, விமான டிக்கெட் எப்ப வரும்?"

"விழா முடிஞ்சு நிதி சேர்ந்ததும்."

"விழா எப்ப?"

"அக்டோபர் கடைசி சனிக்கிழமை. அதுக்கு முன்னால மண்டபம் கிடைக்கலை. பேண்டு வாத்தியப் பயிற்சி நடக்குது."

"சரிக்கா. என்னைத் தேடுறவங்ககிட்டயும் சொல்லிப் பார்க்கிறேன், சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி."

அவர்கள் பொறுக்கவில்லை போலும். விழா வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, நகராட்சி அலுவலக வாசலில், பனியில் ரப்பர் செருப்போடு டெல்ஃபினா நின்றாள். மீனவர்கள் ஒரு படகை விற்று டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சிக்ருன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு குழுத் தலைவர் ஹெல்கேயின் அறைக்கு ஓடினாள்.

"டெல்ஃபினா வந்துட்டா! கீழ உக்காந்து காபி குடிக்கிறா."

ஹெல்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யார் காப்பாத்தினது?"

"யாரும் இல்லை. அவளேதான்."

"அது எப்படி முடியும்? நாம இன்னும் காப்பாத்தலையே."

"உயிரோட வந்துட்டா ஹெல்கே. சந்தோஷமான விஷயம்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா சனிக்கிழமை படவேண்டிய சந்தோஷத்தை செவ்வாய்க்கிழமையே பட்டுட்டா, சனிக்கிழமை எவன் வருவான்? வாஃபிளுக்கு மாவு கரைக்க ஆள் சொல்லியாச்சு."

"திங்கட்கிழமை அவளுக்குக் குடியேற்ற அலுவலகத்துல விசாரணை. திரும்பிப் போனா ஆபத்துன்னு நிரூபிச்சாத்தான் இங்க தங்க விடுவாங்க. இல்லேன்னா அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க. ஆபத்து உண்மைன்னு குழு ஒரு சான்று குடுத்தாப் போதும்."

"தாராளமாக் குடுப்போம்" என்றார் ஹெல்கே. "காப்பாத்தி முடிச்ச பிறகு."

அன்று மாலை கூடிய அவசரக் குழு, சனிக்கிழமை இரவு ஏழு மணி வரை டெல்ஃபினாவை 'வந்துசேராதவர்' எனக் கருதுவதெனத் தீர்மானித்தது. அதுவரை அவள் சிக்ருன் வீட்டுக் கீழறையில் இருப்பாள். வெளியே போனால் தலையை மூடிக்கொள்வாள். எவரேனும் பார்த்துவிட நேர்ந்தால் சிரிக்காமல் இருப்பாள்.

"அங்கயும் ஒளிஞ்சுதான் இருந்தேன். இங்கயுமா?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"இது வேற. இது உன் நல்லதுக்கு."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க அக்கா."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் அப்பத்தின் வாசனை ஊரையே இழுத்து வந்திருந்தது. வாசலில் குலுக்கல் சீட்டு விற்ற அம்மாள் சிக்ருனையும் டெல்ஃபினாவையும் மறித்தாள்.

"சீட்டு வாங்காம உள்ள விடமாட்டோம்."

"விழாவே இவங்களுக்காகத்தான்" என்றாள் சிக்ருன்.

"அப்ப இவங்கதான் முதல்ல வாங்கணும். பணம் இவங்களுக்குத்தானே போகுது?"

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாமல் சிக்ருன் பணம் கொடுத்து, சீட்டின் பின்னால் டெல்ஃபினா பெயரை எழுதிப் பெட்டியில் போட்டாள்.

ஏழு மணிக்குப் பேண்டு முழங்க டெல்ஃபினா காப்பாற்றப்பட்டாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒருத்தி அவளையும் சுவரொட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "படத்துல இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்ட மாதிரி இருந்தாங்க" என்று பக்கத்தில் முணுமுணுத்தாள். தோர்லெய்ஃப் மேடையேறி டெல்ஃபினாவின் கையைக் குலுக்கினார். "உங்க நாட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க. ஒரு தடவைகூட பில்லை இழுத்தடிச்சதில்லை."

ஓரமாக உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தார் ஆர்வித். திங்கட்கிழமை விசாரணை செய்யப்போகும் குடியேற்ற அதிகாரி அவர்தான். சிக்ருன் சிரித்தபடி வணங்கியபோது, "இன்னிக்கு நான் வெறும் ஆர்வித்" என்றார். "ஆனா காதையும் கண்ணையும் ஆபீஸ்ல பூட்டிட்டு வர வசதியில்லை."

கடைசியாகக் குலுக்கல். முதல் பரிசு, ஊரில் பயண முகவர் நிலையம் நடத்தும் பெரித் கொடுத்தது. இருவருக்கு ஒரு வாரம், கடலோர விடுதி, விமானக் கட்டணம் உட்பட. ஹெல்கே பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"டெல்ஃபினா!"

மண்டபம் அதிர்ந்தது. திரையில் நீச்சல் குளமும் தென்னை மரமும் வந்தன. டெல்ஃபினா எழுந்து நின்று பார்த்தாள்.

"இது எங்க ஊரு" என்றாள்.

"பாருங்க, பாருங்க, ஊர் ஞாபகம் வந்துடுச்சு!" என்று பெரித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்."

ஹால்விக் குலுக்கலில் விழுந்ததை வேண்டாமென்று சொன்னவர் கிடையாது. சர்க்கரை நோயாளி கேக்கை வாங்கிப் போயிருக்கிறார். பல்லில்லாத கிழவர் ஒருவர் முந்திரி டப்பாவைக் கும்பிட்டு வாங்கியிருக்கிறார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"அங்க திரும்பிப் போனா என்னைக் கொன்னுடுவாங்க" என்றாள் டெல்ஃபினா.

முனகல் நின்றது. சபையில் உண்மையான கவலை பரவியது.

"நாங்க பிப்ரவரிக்கு புக் பண்ணியிருக்கோமே!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாங்களும்தான். குழந்தைங்களோட!"

பெரித் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "யாரும் பயப்படாதீங்க. கடற்கரைப் பக்கம் ஒரு தொந்தரவும் கிடையாது. இந்த மண்டபத்துல எத்தனை பேர் அங்க போயிட்டு வந்திருக்கீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப்பார்க்காத ஊர் அது. விலை குறைவாக வெயில் கிடைக்கும் இடத்துக்கு எல்லோரும் போயிருந்தார்கள். நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாத ஊரும்கூட. கைகள் உயர்ந்தன.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"எனக்கு முதுகு உரிஞ்சுது!" என்றார் ஒருவர். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. கவலை தீர்ந்தது.

ஆர்வித் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினார். அவர் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று சிக்ருனுக்குப் புரிந்தது. இத்தனை பேர் பத்திரமாகப் போய்வந்த நாட்டில் ஒருத்திக்கு என்ன ஆபத்து என்று திங்கட்கிழமை கேட்பார். கையை இறக்குங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள்.

டெல்ஃபினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. முகத்துக்கு மேலே.

"அக்கா, நீங்களுமா?"

சிக்ருன் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய வலது கையும் மேலே இருந்தது. கேட்டதும் அது தானாகப் போயிருந்தது.

"ஒரு வாரம்தான்" என்றாள். "போன பிப்ரவரியில. அப்ப உன்னை எனக்குத் தெரியாதே."

"பிப்ரவரியா? நல்ல மாசம்தான்" என்றாள் டெல்ஃபினா. "வெயில் இதமா இருக்குன்னு காவல்காரன் சொல்வான். எங்க அறைக்கு ஜன்னல் இல்லை."

ஆர்வித் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். நடுவுல ஒரு வரிசை விட்டுப்போச்சு. எல்லாரும் கொஞ்ச நேரம் கையை இறக்காம இருந்தா உதவியா இருக்கும்."

ஹால்விக்கில் அதிகாரி கேட்டுக்கொண்டால் மறுக்கும் வழக்கமில்லை. ஒரு கையும் இறங்கவில்லை. சிக்ருனுடையதும்.