இருபது கிலோ புரதம்

எடைமேடைக்காரர் கீழே இறங்கி, மறுபடியும் ஏறி நின்றார். போர்டில் அதே சிவப்பு எண். அறுபது. முந்தாநாள் எண்பது.

"என்னம்மா இது! ரெண்டே நாள்ல இருபது கிலோ போயிடுச்சே!"

லாரி யார்டைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். "பாத்தா அப்படித் தெரியலையே சார்."

"பாத்தா தெரியாதும்மா. அதுக்குத்தான் மேடை."

பதினெட்டு வருடமாக அந்த மேடையில் லாரிகளை எடை போடுகிறவர். மதியம் சாப்பிட்டதும் டப்பாவும் கையுமாக மேடையேறி, எதிரே உயரத்தில் இருக்கும் போர்டை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். திரும்ப மாட்டார், அசைய மாட்டார். அசைந்தால் எண் ஆடிவிடும். லாரிக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பாதவர், போர்டு சொன்னால் நம்புவார்.

தினமும் கறி சாப்பிட்டவருக்குப் போன வாரம் நெஞ்சுவலி வந்தது. "கறியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. முதல்ல வாரத்துக்கு ஒரு நாள்னு குறைங்க. மத்த நாள் பருப்பு, பயறு. புரதம் மட்டும் குறையாம பாத்துக்குங்க" என்றார் டாக்டர். அந்தக் கடைசி வரி மட்டும்தான் இவர் காதில் ஏறியது. இவருடைய அப்பா எலும்பும் தோலுமாக, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் செத்துப்போனவர். தனக்கும் அந்தச் சாவுதான் என்று நிஜமாகவே பயந்தார்.

"சட்டை அதே சட்டை, பெல்ட்டு அதே ஓட்டை. எங்கேங்க இளைச்சீங்க?" என்றாள் மனைவி.

"உள்ளுக்குள்ள உருகுதுடி. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவள் கொண்டைக்கடலையை இரண்டு மடங்காக்கினாள். அறுபது. வேர்க்கடலை சேர்த்தாள், சோயா சேர்த்தாள், சின்னத் தராசு வாங்கி கிராம் கணக்கில் அள்ளிப் போட்டாள். அப்போதும் அறுபது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. அவருடைய அறைக்குள் வர டிரைவர்கள் அஞ்சி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சீட்டு வாங்கினார்கள். யார்டு நாய்கூட டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

புதன்கிழமை, டாக்டர் அனுமதித்த கறி நாள். எண்பது.

வியாழக்கிழமை பயறு. அறுபது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மறுநாளிலிருந்து மனைவி கட்டிக்கொடுத்ததைப் பெருக்கும் அம்மாவிடம் தள்ளிவிட்டு, முக்குக் கடையில் டப்பா நிறையக் கறி வாங்கிச் சாப்பிட்டார். எண்பது. அடுத்த நாளும் எண்பது. மேடையிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எண்பதா? பாத்தீங்களா, பயறு வேலை செய்யுது!" என்று மனைவி பூரித்துப்போனாள். அவரும் தலையை ஆட்டிவைத்தார். அவள் அன்று ஒரு பிடி கூடுதலாக ஊறப்போட்டாள்.

ஒன்பதாம் நாள், மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்போதும் போர்டு எண்பதுதான் காட்டியது.

"இதயம் பாதி போயிடுச்சு. இனிமே நாலு அடி நடந்தாலே பெரிசு" என்றார் டாக்டர், மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு.

மூன்றாம் நாள் பெருக்கும் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கழுவித் துடைத்த டப்பாவை மனைவியின் கையில் கொடுத்தாள். எல்லாம் தெரிந்துபோயிருந்த மனைவி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கினார். "அப்பா மாதிரி... இளைச்சுச் சாகலைல்ல. மேடை... பொய் சொல்லாது."

பெருக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க இல்லாம அந்த நாய்தான் சார் ஏங்கிப்போச்சு. கறி கொண்டு வந்த நாளெல்லாம் டப்பாவை மோந்துக்கிட்டே உங்க பின்னாடி மேடையேறி நிக்குமே, இப்ப அது மட்டும் தனியா ஏறி நிக்குது. போர்டுல இருபது காட்டுது."