இருநூறு கண்கள்

காலை ஒன்பது இருபதுக்குச் சுபியான் மூன்றாவது தடவையாக முகம் கழுவினார்.

மேடைக்குப் பின்னால் சிறிய அறை. சுவருக்கு அப்பால் மண்டபம். அங்கே இலவசக் கண் பரிசோதனைக்கு நூறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒரு வரவேற்புக் கவி. எழுதியவர் சுபியான். பாட வேண்டியவரும் அவர்தான்.

நூறு பேர் என்றால் இருநூறு கண்கள்.

பதினொரு வருடங்களுக்கு முன், மகளின் பாடசாலை மேடையில் அவர் ஸலாம் சொன்னார். பிறகு கண்களைப் பார்த்தார். இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார். செருப்பை மகள் கொண்டுவந்தாள்.

"இண்டைக்கும் ஓடி வந்தீங்கெண்டா, இனிக் குளிக்கிற இடத்திலயும் பாடப்படாது" என்று மனைவி றாஹிலா காலையில் சொல்லியிருந்தாள். அவருக்கு இருந்த ஒரே மேடை அது.

ஏற்பாட்டாளன் றிஸ்கான் எட்டிப் பார்த்தான்.

"காக்கா, ரெடியா?"

"தொண்டை காயுது."

"கற்கண்டு இரிக்கி. இந்தாங்க."

கற்கண்டு பெரியது. வாயில் போட்டுக்கொண்டு பிஸ்மி சொல்லிப் பார்த்தார். பாதிதான் வெளியே வந்தது. அவசரமாகக் கடித்தார். பல் கூசியது. பல்லுக்கு இஞ்சிப் பிளேன்டீ வந்தது. நாக்கு வெந்தது.

"இன்னும் பத்து நிமிசம் தா, றிஸ்கான்."

"டொக்டர்மார் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, நானே படிக்கன். நல்ல சினிமா மெட்டு ஒண்டு இரிக்கி."

"என்ட கவிக்கா?"

"சனம் ஆடும், காக்கா!"

சுபியான் கதவைச் சாத்தினார். யோசித்தார். பார்ப்பதால்தானே பயம். கண்ணாடியைக் கழற்றினார். உலகம் கரைந்தது. நிம்மதியாக உட்கார்ந்தார்.

றிஸ்கான் திரும்பி வந்தான்.

"கண்ணாடி எங்க?"

"கதிரையில."

"எந்தக் கதிரையில?"

சுபியான் மெல்ல எழுந்தார்.

"பரவால்ல. சரியான இடத்திலதான் உடைச்சிரிக்கீங்க" என்றான் றிஸ்கான். "டொக்டர்மார் வேலையத் தொடங்கிட்டாங்க. அறிவிப்பெல்லாம் இல்ல. ஏறுங்க."

மேடையில் முகங்கள் இல்லை. நிறங்கள் மட்டும். ஊதா, பச்சை, மஞ்சள். விடியலில் கரையோரம் நிற்கும் தோணிகள் போல. வெள்ளை உருவம் ஒன்று வரிசை வரிசையாகக் குனிந்து போனது. சத்தம் போட வேண்டாம் என்று சொல்கிறது போலும். அது போன வழியில் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாய்ந்தன, விளைந்த வயல் காற்றில் சாய்வதுபோல.

அவர் பாடினார்.

"வரம்போரம் நிண்ட தண்ணி
வானத்தப் பாக்குதுகா
மூடிவச்ச கண்ணுக்குள்ள
முழுக்கடலும் ஆடுதுகா."

வெந்த நாக்கு எங்கோ போய்விட்டது. குரல் மட்டும் இருந்தது. அது மண்டபத்தைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, கடலில் இறங்கியது. யாரும் இருமவில்லை. யாரும் போனைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கவியில் கைலேஞ்சிகள் எழுந்தன. ஊதா கண்ணைத் துடைத்தது. பச்சையும் துடைத்தது. சுபியான் எழுதி வைக்காத ஒரு கவியையும் சேர்த்துப் பாடினார்.

முடிந்தது. றிஸ்கான் மட்டும் கைதட்டினான். சுபியான் கைகாட்டித் தடுத்தார். அழுகிற சனம் கைதட்டாது.

கீழே இறங்கி றாஹிலாவுக்குப் போன் எடுத்தார்.

"ஓடல்ல."

"மெய்யாவா?"

"சனமெல்லாம் அழுகுது, புள்ள. இருநூறு கண்ணும்."

முன்வரிசையில் ஊதாச் சேலைப் பெண் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். சுபியான் அவள் பக்கம் குனிந்தார்.

"அக்கா, எந்த அடிக்குக் கண் கலங்கின?"

அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணுக்கு மருந்து விட்டுட்டு, அரை மணித்தியாலம் தொறக்கப்படாதெண்டு சொல்லிப்போட்டாங்க. ஏன் தம்பி, அந்த றேடியோவ நிப்பாட்டின?"