ரெயின்கோட் அக்கா டிக்கெட் எடுத்த கோடை

பெங்களூரில் மழை ஏன் பெய்கிறது என்பதற்கு வானிலைக்காரர்கள் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். ஜோகுபாளையத்தில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். ரெயின்கோட் அக்கா எங்கேயோ ஒரு இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். செய்தி காதில் விழுந்ததுமே மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுக்க ஓடுவோம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இருந்தாலும் ஓடுவோம். ஒரு தடவைகூட நாங்கள் வீணாக ஓடியதில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால், முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஆரஞ்சு நிற ரெயின்கோட்டை மார்ச் மாத வெயிலிலும் கையில் சுருட்டிக்கொண்டு நடக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் அப்போது சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று அவருடைய ஹெட்போன், சார்ஜர், ஒயர் வகையறாக்களுக்கு. அக்கா எங்கே படுப்பார் என்று கேட்காதீர்கள். படுத்து நான் பார்த்ததே அபூர்வம். பல் தேய்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பார். சாப்பாட்டுத் தட்டோடு வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே கேட்பார். பாதிப் பாட்டில் ஓடி வந்து என் காதில் ஹெட்போனைச் சொருகி, "இத்த கேளுடி, இத்த கேளு" என்பார். நான் கேட்க ஆரம்பிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்.

சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. தன் வீட்டு அறையில் உட்கார்ந்து, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, இணையத்தில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும் புதுப் பிள்ளைகளின் பாட்டுதான் வேண்டும். இண்டி என்கிறார்களே, அது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிள்ளை யாருக்கும் தெரியாதவராக இருக்க வேண்டும். நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அக்காவுக்கு அந்த ஆள் கசந்துவிடுவார்.

ஒருநாள் நாங்கள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் பாட்டுப் போட்டார். அக்கா ஒரு வாரமாகத் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த அஸ்ஸாம் பையனின் பாட்டு.

"அண்ணா, ஓரமா நிறுத்துங்க."

"இன்னாம்மா, இன்னும் அல்சூரே வரல?"

"இந்தப் பாட்டு உங்குளுக்கு எப்டித் தெரியும்?"

"என் பொண்ணு போன்ல ஏத்திக் குடுத்துச்சும்மா. சக்கத்தா, சூப்பரா இருக்குது இல்ல?"

அவ்வளவுதான். அக்கா இறங்கிவிட்டார். நடு வெயிலில் நடந்தே ஹாஸ்டலுக்கு வந்தோம். வழியெல்லாம் அந்தப் பையன் செத்துப்போன மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவனுக்கு ஒரு ரசிகர் கூடியிருந்தார், அவ்வளவுதான்.

அக்காவுக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அபாயப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு இவருக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் பயப்படாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற பெண்கள் ஊர், சாப்பாடு, பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். அக்கா பாட்டுப் போடுவார். இருட்டுப் பெட்டிக்குள் தவிக்கும் மனிதரிடம், "சார், ஷில்லாங்ல ஒரு பொண்ணு பாடிருக்குது, கேளுங்க" என்பார். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கம்பெனிக்கே புகார் அனுப்பினார். லிஃப்டில் மாட்டியதைத் தாங்கிக்கொண்டேன், அந்தப் பாட்டில் மாட்டியதைத் தாங்க முடியவில்லை என்று. இனிமேல் பாட்டுப் போடக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போடத்தானே கூடாது? அக்கா மாட்டியவர்களையே பாடச் சொல்ல ஆரம்பித்தார். சிலர் திட்டினார்கள். சிலர் முருகனைக் கூப்பிட்டுப் பாடினார்கள். ஒரு சாயந்திரம் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"மேடம், எனக்கு மூச்சு முட்டுது. சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க."

"ஆள் வந்துகினே இருக்காரும்மா. அதுவரைக்கும் ஒரு பாட்டுப் பாடேன்."

"இன்னா பாடறது மேடம்?"

"எதுனா பாடு. உனுக்குப் புடிச்சது."

அவள் பாடினாள். கோலார் தங்கவயலில் இருந்து விடிவதற்கு முன்னால் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலைப் பற்றிய பாட்டு. அவளே எழுதியது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே தூங்குகிற வேலைக்காரர்களைப் பற்றி, 'தூங்குறவன் தோளு மேல தூங்குறவன் தலை' என்று ஒரு வரி வரும். அக்காவுக்கும் ஊர் தங்கவயல்தான். ஹாஸ்டலுக்கு வருவதற்கு முன் வருஷக்கணக்கில் அதே ரயிலில் நின்று வந்தவர். பாட்டு பாதியில் இருக்கும்போது மெக்கானிக் கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஸ்பீக்கரில் கத்தினாராம்:

"அண்ணா, கொஞ்சம் மூடுங்க! இன்னும் சரணம் பாக்கி கீது!"

அன்று அறைக்கு வந்தவர் ரெயின்கோட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஒரு பாட்டு கேட்டேன்டி. அத்த இந்த ஒலகத்துல கேட்டவ நான் ஒருத்திதான்" என்று நடந்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து நடந்து என் தூக்கத்தையும் கெடுத்தார்.

கம்பெனியில் அந்தப் பெண்ணின் விவரத்தைக் கேட்பது தப்பு என்பதால் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குத் தினமும் சாயந்திரம் போய் நின்றார். "யார் வீட்டுக்கும்மா வந்திருக்கே?" என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, "லிஃப்ட் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வந்தேன்" என்றார். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது லிஃப்டில் ஏறாதவர்களை. ஒரு ஒல்லியான பெண் லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்காமல் தோள்பையோடு மாடிப்படி ஏறினாள். அக்கா பின்னாலேயே ஓடி, மூச்சு வாங்க வாங்க ஆறாவது மாடியில் அவளைப் பிடித்தார்.

"தூங்குறவன் தோளு மேல... நீதான?"

அவள்தான். பெயர் ஜெனி. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு பிசியோதெரபி செய்கிற பெண். ஜூன் மாதம் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்ப இருந்தாள். கிடார் உண்டு. சர்ச் பாட்டுக் குழுவுக்கு வெளியே யார் முன்னாலும் பாடியதில்லை.

"போறதுக்குள்ள ஒரே ஒரு மேடைல நின்னுரு" என்றார் அக்கா. "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்கா பார்த்துக்கொண்டார். மழையும் பார்த்துக்கொண்டது.

கோடையில் பெங்களூரைச் சுற்றி இசை விழாக்களுக்குக் குறைவில்லை. பெரிய ஆட்கள் இருட்டிய பிறகு பாடுவார்கள். மத்தியான வெயிலில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடப் புது ஆட்களுக்கு இடம் கொடுப்பார்கள். முதல் விழா சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில். கிடாரைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் போனோம். நாங்கள் வாசலைத் தாண்டியபோது முதல் துளி விழுந்தது. மேடையை அடைந்தபோது மேடையே இல்லை, ஒரு குளமும் அதில் மிதக்கும் கார்பெட்டும் இருந்தன.

இரண்டாவது அத்திபெலே தாண்டி ஒரு தோப்பில். இந்த முறை ஜெனி மேடை ஏறிவிட்டாள். மைக்கில் "ஹலோ" என்றாள். இடி இடித்தது. மேலே கட்டியிருந்த தார்ப்பாய் தண்ணீர் கோத்து பலாப்பழம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புத்திசாலி கீழேயிருந்து கம்பால் குத்தினார். அடுத்ததாக வாசிக்கக் காத்திருந்த டிரம்ஸ்காரர் முழுதாகக் குளித்து எழுந்தார். ரோட்டோரத்து டயர் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு டீ வரவழைத்தார்.

"எந்தக் கல்யாணத்துக்கும்மா போய்ட்டு வர்றீங்க?"

"இன்னும் நடக்கலண்ணா" என்றார் அக்கா.

மூன்றாவது விழா ரத்தான செய்தி, நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே வந்தது. ஜெனி ஜன்னலோரம் உட்கார்ந்து கிடார் பையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போதும். கர்த்தருக்கே இஷ்டமில்லைன்னு அம்மா சொல்றாங்க. கிடார சர்ச்சுக்கே குடுத்துடறேன். மஸ்கட்ல இத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

அக்கா ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி நின்றார். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அக்கா அடுத்த ஸ்டாப்பிலேயே எங்களை இறக்கிவிட்டு, கொட்டும் மழையில் நின்று அறிவித்தார்: "வானமே வேணாம். கூரைக்கு அடில வெச்சிக்கலாம்."

கூரை என்று அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் ஹாஸ்டலின் கார் பார்க்கிங். ஓனர் ஆன்ட்டியிடம் போனோம். ஆன்ட்டி கன்னடக்காரர். தமிழில் திட்டும்போது மட்டும் இலக்கணம் பிசகாது.

"ஏன்மா, இது ஹாஸ்டலா, கல்யாண சத்திரமா?"

"அரை மணி நேரம் ஆன்ட்டி. ஹாஸ்டல் பொண்ணுங்க மட்டும்தான். சத்தமே வராது."

"சத்தம் வராத பாட்டா?"

"உங்குளுக்கு முதல் வரிசை, ஆன்ட்டி."

ஆன்ட்டி கடைசியில் தலையாட்டியது முதல் வரிசைக்கா, அக்கா இடத்தைவிட்டு நகர மாட்டார் என்று தெரிந்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாடகை ஸ்பீக்கர், மைக், சுவரில் சீரியல் லைட். ஜெனி நீலச் சுடிதாரில் வந்தாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். வானம் சரியாக அந்தத் தட்டலுக்கே காத்திருந்த மாதிரி திறந்துகொண்டது. கரண்ட் போனது. மைக் செத்தது. தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

அப்புறம்தான் யாரும் நினைக்காதது நடந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்க இடம் தேடி எங்கள் பார்க்கிங்குக்குள் வந்தார்கள். சாப்பாடு டெலிவரி பையன்கள் முதலில் வந்தார்கள். தக்காளி வண்டிக்காரர் வண்டியோடு வந்தார். ரிசப்ஷனுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. பின்னால் ஆட்டோக்காரர்கள். பத்துப் பெண்களுக்காகப் போட்ட கச்சேரியில் நிற்க இடமில்லை.

ஜெனி கிடாரைப் பைக்குள் வைக்கப் போனாள். "அக்கா, எல்லாரையும் போகச் சொல்லுங்க. என்னால முடியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். இவ்வளவு பேர் கேட்டால் அந்தப் பாட்டு இனி அவருக்கு மட்டுமே சொந்தமில்லை. அவர் ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஜெனியின் தோளைப் பிடித்து மாடிப்படிப் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, அவளுக்கு எதிரே கீழ்ப்படியில் தானும் உட்கார்ந்தார்.

"அவங்கள உடு. அந்த ரயில்ல நானும் நின்னிருக்கேன் ஜெனி. என்கிட்ட பாடு."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனி ஆரம்பித்தாள். முதல் வரி மழைச் சத்தத்தில் போய்விட்டது. இரண்டாவது வரி பாதி கேட்டது. தக்காளிக்காரர் பக்கத்திலிருந்தவரை "உஸ்" என்று அடக்கினார். ஒரு டெலிவரி பையனின் போன் அடித்தது. யாருடைய பிரியாணியோ, கட் செய்துவிட்டான். தோளும் தலையும் வருகிற வரி வந்தபோது ஒரு ஆட்டோக்காரர், "அய்யோ, நம்ம ரயிலு" என்று வாய்விட்டே சொன்னார். ஜெனி அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினாள். அப்புறம் மாடிப்படிப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு பாட்டுகள் முடிந்தபோது மழை தூறலாகிவிட்டது. ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு ரசிகர் கூடியதற்கே அன்று ஆட்டோவை விட்டு இறங்கிய அக்கா இப்போது வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, போவாதீங்க, இன்னும் ஒரு பாட்டு கீது. அம்மா, ரிசப்ஷன் எங்கயும் ஓடிப் போவாது, நில்லுங்க. இந்தப் பொண்ணு ஜூன்ல மஸ்கட் போவுது. அப்புறம் கேக்கணும்னாலும் கேக்க முடியாது!"

"எந்தப் படத்துப் பாட்டும்மா இது?" என்று கேட்டார் தக்காளிக்காரர்.

வேறு நாளாக இருந்தால் அக்கா கடித்திருப்பார். "படம் இல்லண்ணா. எங்க ஜெனி பாட்டு. ஊர் பூரா சொல்லுங்க" என்றார். ஓனர் ஆன்ட்டி பின்னாலிருந்து, "அந்த ரயில் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொல்லும்மா" என்று அதிகாரமாகச் சொன்னார். அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

ஜெனி மஸ்கட் போனாள், கிடாரோடு. அக்கா ஒரு வாரம் எந்தப் பாட்டையும் கேட்கவில்லை. கட்டிலில் ஒயர்களை ஒதுக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மழைகூட நின்றுவிட்டது. நாங்கள் பயந்தே போனோம். எட்டாம் நாள் காலையில் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்து என் காதில் ஹெட்போனைச் சொருகி, "மிசோரம்ல ஒருத்தன்டி, யாருக்குமே தெரியாது" என்றார். ஹாஸ்டலே நிம்மதியாக மூச்சுவிட்டது.

இப்போது நான் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன். போன வாரம்கூட அக்கா கூப்பிட்டார். யாரோ ஒரு புதுப் பையன் பாட்டைப் போனிலேயே வைத்துக் காட்டினார். கரகரவென்று கேட்டதே தவிர ஒன்றும் விளங்கவில்லை.

"புடிச்சிருக்கா?" என்றார்.

"இன்னொரு தடவை போடுங்க அக்கா" என்றேன். பாட்டுக்கு நடுவில் "இத்த கேளுடி, இத்த கேளு" என்பாரே, அதைக் கேட்கத்தான்.