மேற்படி பாத்திரம்

எங்கள் நகரத்தில் இன்று ஒரு லட்சம் பேர், நான்கு வங்கிகள், ஒன்பது பல் டாக்டர்கள் இருக்கிறோம். இத்தனைக்கும் காரணம், ஒரு ரயில் ஓட்டுநர் ஒரு நாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதுதான்.

அப்போது தண்டவாளத்தின் ஓரம் வெறும் பொட்டல். அதில் ஒரே ஒரு வீடு, அவருடையது. கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு ஓடிவர, அவர் பிரேக்கைப் போட்டுவிட்டார். மேலிடம் விளக்கம் கேட்டது. படிவத்தில் "பசி" என்று எழுத இடமில்லாததால், "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" என்று எழுதினார். நிர்வாகக் காரணம் என்று வந்துவிட்டால் மேலிடம்தான் என்ன செய்யும்? உத்தரவே போட்டுவிட்டது: "இடப்பக்கம் நசுங்கிய மூன்றடுக்குப் பாத்திரம் ஏந்தி நிற்கப்படும் இடத்தில் பகல் வண்டி இரண்டரை நிமிடம் நிற்க வேண்டியது. மேற்படி பாத்திரம் குறித்து ஐயம் ஏற்படின் நிற்கலாகாது."

வண்டி நின்றால் மனிதன் சும்மா இருப்பானா? ஒரு குமாஸ்தா இறங்கிக் காற்று வாங்கினார். மறுவாரம் மனை வாங்கினார். "ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம்" என்று விளம்பரம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத தூரத்தில்கூட வீடுகள் முளைத்தன. பின்னாலேயே நாகரிகமும் வந்தது. புறநகர்வாசி என்று காட்டிக்கொள்ள ஆளுக்கொரு கேரியர் தூக்கினோம், இடப்பக்கம் நசுங்கியதாக. கடைக்காரர்கள் சுத்தியலால் நசுக்கியே விற்றார்கள். பெண் பார்க்கப் போனால், "நசுக்கல் பரம்பரையா, கடையில வாங்கினதா?" என்று விசாரித்த பிறகுதான் உட்காரவே சொன்னார்கள்.

ஓட்டுநர் ஓய்வுபெற்றார். புது ஓட்டுநருக்கு வயிற்றுப்புண். பாலைத் தவிர எதுவும் ஆகாது. உத்தரவு மட்டும் ஓய்வுபெறவில்லை. நாங்கள் கேரியரம்மா என்று அழைக்கும் அந்த அம்மாள், காலிப் பாத்திரத்தோடு வண்டி வரும் நாளெல்லாம் நின்றார். மொத்தம் முப்பத்தோரு வருஷம்.

அப்போதுதான் அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. மகள் வீடு அதே தடத்தில் மூன்று மணி நேரப் பயணம். அம்மாள் ரயில்வே அதிகாரியிடம் போனார். நாங்களும் பதறிக்கொண்டு பின்னால் போனோம்.

"ஒரு மாசம் லீவு வேணும் சார்."

"நீங்க ஊழியர் இல்லையேம்மா. ஊழியருக்குத்தான் லீவு."

"அப்ப நான் பாட்டுக்குப் போகலாமா?"

"அதெப்படி?" அதிகாரி தளவாடப் பதிவேட்டைப் புரட்டினார். "பெஞ்சுக்கு அப்புறம், தண்ணித் தொட்டிக்கு முன்னாடி உங்கள எழுதியிருக்கு. நீங்க நிலையத்துல ஒரு பகுதி. நிலையத்துக்கு ஏதும்மா லீவு?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாது. அன்னிக்குப் பொறக்கச் சொல்லுங்களேன்."

"வண்டி இல்லாம நான் எதுலய்யா போறது?"

மறுநாள் பகல் வண்டி நின்றதும், கேரியரும் கையுமாக அவரே ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் நகரமே நடைமேடைக்குத் திரண்டது. பத்தாயிரம் கேரியர்களை நீட்டினோம், பத்தாயிரமும் இடப்பக்கம் நசுங்கியவை. ஓட்டுநருக்கு நியாயமான ஐயம் ஏற்பட்டது. ஊதிவிட்டுப் போயே போய்விட்டார்.

ஆனால் மூன்று மணி நேரம் தள்ளி, ஒரு முள்ளுக்காட்டில் வண்டி நின்றதாம். மகளுக்கு வெந்நீர் கொண்டுபோன அம்மாள், தண்டவாளத்தைக் கடக்கக் கேரியரோடு நின்றிருக்கிறார். சேதி கேட்டதும் அதிகாரியை அழைத்துக்கொண்டு லாரி பிடித்து ஓடினோம். அதற்குள் மனைத் தரகர்கள் முள்ளுக்கு நடுவே நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அம்மாள் ஒரு கையில் பேத்தியும் மறு கையில் கேரியருமாக வீட்டு வாசலில் நின்றார்.

"திரும்பி வந்துடுங்கம்மா" என்றார் அதிகாரி. "உத்தரவுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதக் கொஞ்சம் படிங்க சார். இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட எனக்குப் படிச்சுக் காட்டல."

அதிகாரி கனைத்துக்கொண்டு படித்தார்.

"ஏந்தி நிற்கப்படும்னா, யாரு ஏந்தி?"

அதிகாரி இன்னொரு முறை படித்தார். "யாருன்னு... போடலையே."

"அப்ப நாந்தான்னு யாரு சொன்னது?"

"வழக்கம்மா."

அம்மாள் கையிலிருந்த கேரியரைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு, "புள்ளைக்குக் கழுத்து நிக்கல. இத ஒரு நிமிஷம் பிடிங்க சார்" என்றார்.

அதிகாரி வாங்கிக்கொண்டார். அம்மாள் இரண்டு கையாலும் பேத்தியை அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டார்.

அதிகாரி கேரியரை எங்களிடம் நீட்டினார். நாங்கள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். அவரை அப்படியே லாரியில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுவந்து, பெஞ்சுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நிறுத்தினோம். வண்டி நின்றது. பதிவேட்டிலும் திருத்தம் செய்தாகிவிட்டது.

போன வாரம் அவர் மகனுக்குக் கடுங்காய்ச்சல். "ஒரே ஒரு நாள் யாராவது பிடிங்கப்பா" என்று கெஞ்சினார்.

"நிலையத்துக்கு ஏது சார் லீவு?" என்றேன் நான்.

என் வீடு ஸ்டேஷனிலிருந்து நிஜமாகவே கூப்பிடு தூரம். அவர் கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.