ஐந்து நிமிடத்தில் ஸ்கேனர்

கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு, திருத்துபவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: லினக்ஸ் போட்டுவிடுபவர். காசு கேட்கமாட்டார். உங்கள் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, கொடுத்த தேத்தண்ணீரை ஆறவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸை அழித்து, அதன் இடத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, "இனி வைரஸ் எண்ட கதையே இல்லை" என்று எழும்புவார். அத்தோடு போய்விடுவார் என்றா நினைத்தீர்கள்?

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் இந்த இனத்தின் பிரதிநிதி ஜக்சன். அகப்பட்டவர் எங்கள் பக்கத்து வீட்டு பல்கீஸ் ரீச்சர். ஆறு வருடமாக விடியற்காலை பஸ் பிடித்துக் குச்சவெளிக்குப் படிப்பிக்கப் போகிறவர். அன்று மாலை நான்கு மணிக்குள் இடமாற்ற விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். தவறினால் இன்னொரு வருடம் அதே பஸ். ஜக்சன் லினக்ஸ் போட்டுவிட்ட கொம்பியூட்டரில் புது ஸ்கேனரின் யூஎஸ்பி வயரைச் செருகினார். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணிக்கு ஜக்சன் வந்தார்.

"அஞ்சு நிமிச வேலை, ரீச்சர்."

கறுப்புத் திரை திறந்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின. மூன்று மணிக்கு ஜக்சன் துள்ளினார்.

"ஸ்கேனரைக் கண்டுபிடிச்சிட்டன்!"

மேசையில், தன் கண்முன்னாலேயே இருந்த ஸ்கேனரை ரீச்சர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப எடுப்பமா, தம்பி?"

"உங்களால ஏலாது. ரூட் எண்டு ஒரு பெரியவர் உள்ளுக்க இருக்கிறார். அவருக்கு மட்டும்தான் அனுமதி. நீங்கள் சாதாரண ஆள்."

"நான்தானே வாங்கினனான்?"

"வாங்கினது வேற, அனுமதி வேற."

"நம்மட கல்விக் கந்தோர் மாதிரித்தான். சரி, அந்தப் பெரியவரைக் கொண்டே எடுத்துத் தாங்களன்!"

"ஏலும். ஆனா அது முறையில்லை, ரீச்சர்."

பார்த்தீர்களா? ஏலும்! ஆனால் முறையில்லை! எனக்கே கோபம் வந்தது.

மூன்று ஐம்பதுக்கு ஜக்சன் இன்னும் முறையைத் தேடிக்கொண்டிருந்தார். ரீச்சர் சத்தமில்லாமல் யன்னலடிக்குப் போய், விண்ணப்பத்தின் நான்கு தாளையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினார். மூன்று ஐம்பத்தாறு. 'கிடைத்தது' என்று பதிலும் வந்தது. அதை அவர் ஜக்சனிடம் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

ஐந்தரைக்கு ஜக்சன் கூவினார். "வேலை செய்யுது! பேப்பரைத் தாங்கோ!"

ரீச்சர் பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்துக் கொடுத்தார். அருமையாக வந்தது.

சிரிக்கிறீர்களா? நடுவில், 'ஸ்கேனரைத் தொட அனுமதி உள்ளவர்களின் குழுவில் ரீச்சரின் பெயரைச் சேர்த்திருந்தால் போதுமே' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா? அப்படியானால் நீங்களும் அந்த மூன்றாவது இனம்தான்; தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள். எங்களிடம் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அது வேலை செய்கிறது.