என்ஜின்தான் முதலில்!

என்ஜினை இரண்டாவது தடவையாக வெளியே தூக்கிக்கொண்டிருந்தபோது, சங்கிலியைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு ஸ்டான்லி கேட்டார்: "ஏம்ப்பா கிளிஃப், இதைக் காருக்குள்ள வைக்கப் போறியா, இல்ல இப்படியே ஊஞ்சல் ஆட்டிக்கிட்டு இருக்கப் போறியா?"

கிளிஃபோர்ட் ஆப்பிள்யார்ட் தொங்குகிற என்ஜினையும் கராஜ் சுவரில் ஒட்டியிருந்த தன் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வேலைகள், நான்கு நிற மை, ஒவ்வொன்றுக்கும் நாள், கிழமை. அட்டவணையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் காரில்தான் இருந்தது.

லீட்ஸ் ரயில்வே ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, வீட்டிலேயே தன் கையால் பூட்டப் போகிறேன் என்று சொன்னபோது அவருடைய ஊரான ஸ்கிப்டனில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதே தெருவில் ஒருவர் கொல்லைப்புறத்தில் படகு கட்டிக்கொண்டிருக்கிறார். கடல் எங்கே, ஸ்கிப்டன் எங்கே!

"பெரிய வண்டிக்கு முதல்ல வழி விடணும் ஸ்டான்," என்றார் கிளிஃபோர்ட் கடைசியில். "எக்ஸ்பிரஸ் போன பிறகுதான் கூட்ஸ். என்ஜின், பெட்ரோல் டாங்க் எல்லாம் எக்ஸ்பிரஸ். குழாயும் கம்பியும் கூட்ஸ், ஓரமா நிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் வரிசை போட்டேன். ஒரு ரயிலாவது இன்னொண்ணு மேல ஏறிச்சா?"

"ஏறலதான். ஆனா என்ஜினுக்கு அடியில பிரேக் குழாய் எப்படிப் போகும்?"

அதுதான் சிக்கல். முதல் தடவை ஸ்டீயரிங் கம்பி போக வழியில்லாமல் என்ஜினை எடுத்தார்கள். கம்பியைப் பூட்டி, என்ஜினை மறுபடி இறக்கி, கை கழுவி டீ குடித்த பிறகுதான் பிரேக் குழாய் நினைவுக்கு வந்தது. குழாயை வளைத்து வளைத்து அடியில் நுழைத்துப் பார்த்தார். அது முறுக்கு மாதிரி சுருண்டுகொண்டு வெளியே வந்தது.

பின்பக்கத்தில் இன்னொரு கூத்து. பெட்ரோல் டாங்க் எக்ஸ்பிரஸ் அல்லவா, அதை முதலிலேயே பூட்டிவிட்டார். அதற்கு முன்னால் உட்கார வேண்டிய, பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலுக்கு இப்போது இடமில்லை. டாங்கைக் கழற்ற மனம் வராமல், டிஃபரன்ஷியலை ஜாக்கி வைத்து அடியிலிருந்து ஏற்றினார். டிஃபரன்ஷியல் ஏறவில்லை. காரின் சட்டம்தான் மொத்தமாக ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலமாரியில் இடித்தது. மேல்தட்டிலிருந்த பச்சை பெயிண்ட் டப்பா, வேறு இடமே கிடைக்காதது போல், அட்டவணையின் மேல் நிதானமாகக் கவிழ்ந்தது.

அன்றைக்கென்று பார்த்து மகள் ஹேசலின் போன்.

"அப்பா, கார் எப்படி வருது?"

"பச்சையா வருதும்மா."

"ஜூன் பதினாலு, என் கல்யாணத்துக்குள்ள ஆயிடும்ல? வரப்போற மாமனார் இன்னைக்கும் கேட்டார். உங்கப்பா கார் முடியலன்னா சொல்லு, நம்ம வேன் இருக்குன்னு."

சம்பந்தி பார்னபி கிளெக்குக்குக் கம்பளக் கடை. அந்த வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயர எழுத்தில் 'கிளெக் கம்பளங்கள்: காலடியில் சொர்க்கம்' என்று எழுதியிருக்கும். பெற்ற மகள் கல்யாண கவுனோடு சுருட்டிய கம்பளங்களுக்கு நடுவிலிருந்து சர்ச் வாசலில் இறங்குவதா? ஏழு வயதில் அவள், "என்னை நீதான் கூட்டிட்டுப் போகணும், நாம ரெண்டு பேர் மட்டும்," என்று சொன்னதற்காகத்தான் கிளிஃபோர்ட் இரண்டு சீட் காரையே தேர்ந்தெடுத்தார்.

"ஆயிடும்," என்றார். "அப்பா சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் ஐந்து நிற மையில் புது அட்டவணை சுவரேறியது. அதிலும் முதல் வேலை என்ஜின்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து மனைவி கிளெண்டா கராஜுக்குள் வந்தாள். கராஜில் காரின் சட்டம் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பூனை நிற்கலாம். அதனால் மற்ற பாகங்கள் எல்லாம் வீட்டுக்குள் குடியிருந்தன.

"கிளிஃப், துண்டு வைக்கிற அலமாரியில கம்பி கம்பியா குழாய் வெச்சிருக்கியே, அதைக் காலி பண்ணு. சனிக்கிழமை என் தங்கச்சி வர்றா."

"எங்க கொண்டு வைக்கிறது?"

"காருல மாட்டு. அங்க இடம் இருக்குல்ல?"

"அது நூத்தி எண்பத்தெட்டாவது வேலை, கிளெண்டா!"

"துண்டு வைக்கிறது எனக்கு முதல் வேலை."

என்ன செய்வார் மனுஷர்! முணுமுணுத்துக்கொண்டே பிரேக் குழாய்களை மாட்டினார். என்ஜின் இல்லாத சட்டத்தில் அவை தங்கமாக உட்கார்ந்தன. தங்கச்சி என்னவோ வரவில்லை.

அடுத்தது அடுப்பு.

"ஞாயித்துக்கிழமை உனக்கு ரோஸ்ட்டும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் வேணுமா, வேணாமா?"

"இது என்ன கேள்வி?"

"அப்ப அடுப்புக்குள்ள துணி சுத்தி வெச்சிருக்கியே, முன் சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை நாலு, அதை எடு. அதை வெச்சுக்கிட்டு மாட்டிறைச்சியை எங்க வேக வைக்கிறது, உன் தலையிலயா?"

புட்டிங்குக்காக முன் சக்கரக் கைகள் காரில் ஏறின. அடுத்த வாரம் கிளெண்டா கால் விரலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் கிடந்த டிஃபரன்ஷியலில் இடித்துக்கொண்டதாகக் கத்தினாள். கட்டு அன்றைக்கு இடது காலில் இருந்தது. மறுநாள் வலது காலில் இருந்ததை கிளிஃபோர்ட் கவனிக்கவில்லை. அவர் டாங்கைக் கழற்றி டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற மும்முரத்தில் இருந்தார். கழற்றிய டாங்கைக் குளிக்கும் தொட்டியில் வைத்தார். இரண்டே நாளில் கிளெண்டாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினால்தான் ஆச்சு என்றாகிவிட்டது. டாங்கும் காருக்குத் திரும்பியது.

"அவளுக்கு வரிசைன்னா என்னன்னே தெரியல ஸ்டான்," என்று வேலிக்கு மேல் எட்டிப் புலம்பினார் கிளிஃபோர்ட். "நான் ஒரு திட்டம் போட்டா, அடுப்பு வேணுங்கறா, தொட்டி வேணுங்கறா. ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது. ஆனா அதிகாரத்தைப் பாரு!"

"கொடுமைதான்," என்றார் ஸ்டான்லி. "ஆமா, என்ஜின் எப்ப?"

என்ஜின் சாப்பாட்டு அறையில் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தது. ஏப்ரல் கடைசியில், சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யும் ஏழு பெண்மணிகள் புதன்கிழமை கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று கிளெண்டா அறிவித்தாள். "அவங்க என்ன, என்ஜின் மேலயா கேக் வெச்சுச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையே என்ஜின் காருக்குள் இறங்கியது. எதிலும் இடிக்கவில்லை, உரசவில்லை. ஸ்டான்லி சங்கிலியை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

இதெல்லாம் தன் அட்டவணைக்குப் புறம்பாக நடப்பதை கிளிஃபோர்டின் ரயில்வே மனசு பொறுக்குமா? அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. வேலை முடிந்ததும் உள்ளே போய், முடிந்த வேலைக்கு ஏற்றபடி எண்களை மாற்றி எழுதிவிடுவார். ரயில் வந்து சேர்ந்த பிறகு திருத்திய நேரத்தை ஒட்டுவது ஆபீஸில் அவருக்குப் பழகிய கலைதான். மே மாதம் பாதியில் பார்த்தால் கார் அட்டவணைப்படியே அச்சு அசலாக நடந்துகொண்டிருந்தது! அவருக்கே தன்மேல் மதிப்பு கூடிவிட்டது.

கொடியில் தொங்கிய ஒயர் கட்டு காருக்குப் போயிற்று. சோபாவுக்குப் பின்னாலிருந்த முன் கண்ணாடி போயிற்று. இரண்டு சீட்டுகளை மட்டும் கிளெண்டா டீவிக்கு எதிரே விடாப்பிடியாக வைத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும் கிளிஃப். முதுகுக்கு எவ்வளவு சுகமா இருக்கு!"

மே இருபத்தெட்டாம் தேதி காலையில், அவளாகவே எழுந்து, "சரி, எடுத்துக்கோ," என்றாள்.

மறுநாள், காரைப் பெட்டி பெட்டியாக அனுப்பிய கம்பெனியிலிருந்து மொய்ரா த்வெய்ட் வந்தாள். வீட்டில் பூட்டிய காரை அரசுப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் நட்டு நட்டாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் தப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றினால் கம்பள வேன்தான். கிளிஃபோர்ட் வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். டீ போட்டார், சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டார், அதை ஸ்டான்லி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கிளெண்டா ஒருத்திதான் பதற்றமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து காருக்கு அடியிலிருந்து மொய்ரா வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் ஆப்பிள்யார்ட், ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியதில்ல. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கார் எதுவும் பரிசோதனையில திரும்பி வந்ததில்ல. பொண்ணை சர்ச்சுக்கு என்ன, ஸ்காட்லாந்துக்கே கூட்டிட்டுப் போகலாம்."

கிளிஃபோர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் எண்ணெய்க் கையாலேயே துடைத்துக்கொண்டார். அங்கேயே ஹேசலுக்குப் போன் போட்டு, "சம்பந்தியை வேன்ல கம்பளத்தையே ஏத்தச் சொல்லு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சல் தெரு முனை வரை கேட்டிருக்கும்.

போனை வைத்ததும் நெஞ்சு தானாகவே நிமிர்ந்தது. மொய்ராவைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போய் அட்டவணையைக் காட்டினார்.

"எல்லாம் சொந்த மூளைம்மா. ஒருத்தர் உதவி கிடையாது. உண்மையைச் சொன்னா, காரோட சேர்த்து உங்க கம்பெனி ஒரு செய்முறைப் புத்தகம் அனுப்பிச்சீங்க பாருங்க, அதை நான் பிரிக்கவே இல்ல. உறையோட அப்படியே பழைய பேப்பர் தொட்டியில போட்டுட்டேன்!"

மொய்ரா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "வீட்டுக்கார ஆம்பளைங்க எல்லாருமே அப்படித்தான் போடுறாங்க சார், அதனாலதான் இப்பல்லாம் இன்னொரு புத்தகத்தை வீட்டம்மா பேருக்குத் தனியா தபால்ல அனுப்பிடுறோம்."